சங்கக்காவுக்கு ஊதிய சங்கு

தொண்ணூற்றெட்டு வயதில் சங்கக்கா கண்ணை மூடிய காலையில் அவள் மகள் வடிவு உடனே அழுதுவிடவில்லை. அம்மாவின் வாயைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு, நேராகத் தெற்குத் தெருவுக்கு நடந்துபோய், ஊரில் எந்தச் சாவுக்கும் சங்கு ஊதுகிற சுடலையாண்டியின் வாசலில் நின்றாள். "தம்பி, ஒன் சங்க எங்கிட்டக் குடு. அம்மா காரியம் முடிஞ்ச பொறவு தாரேன்" என்றாள். விஷயம் புரிந்து அவன்தான் முதலில் அழுதான். அழுதுகொண்டே உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தான். அவள் அதை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அம்மாவின் மேல் விழுந்து அழுதாள்.

அம்மாவுக்கு யாரும் சங்கு ஊதிவிடக் கூடாது. சங்கக்கா மகளிடம் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். அந்த ஒன்றையும் செய்யவிடாமல் கெடுத்தது பனைத்துறை ஊர்க்காரர்களான நாங்கள். எங்களுக்கு இனிமேல் அவசரம் எதுவும் இல்லை என்பதால் முதலிலிருந்தே சொல்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் வருகிறான், கடற்கரை ஊர்களெல்லாம் சாம்பல்தான் என்று பேச்சு பரவியது. வசதியுள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். மீதி ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவர்களுக்குத் துணைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள். துறைமுக ஆபீஸ் மாடியில் புதிதாக வைத்த அபாயச் சங்கைச் சுற்ற ஆள் கிடைக்காமல் தவித்த வார்டன் துரை, எட்டாம் வகுப்பு படித்திருந்த பதினெட்டு வயதுப் பெண் குஞ்சரத்தைக் கூப்பிட்டு, தலைக்கு ஒரு தகரத் தொப்பியும் கைக்கு ஒரு பட்டையும் கொடுத்து, நீதான் இனி இந்த ஊருக்குக் காது என்றார். அந்தச் சங்கு இரும்பு. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் கூவும். ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கூவினால் அபாயம், எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக நீட்டி ஊதினால் அபாயம் நீங்கியது, எல்லோரும் வெளியே வரலாம். தான் கையெழுத்துப் போட்ட சீட்டு வராமல் இரண்டாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊதக் கூடாது என்று துரை மூன்று முறை சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியான வேளையில் கிழக்கே கடலுக்கு மேல் ஒரு விமானம் தெரிந்தது. குஞ்சரம் சுற்றினாள். ஊர் முழுக்கப் பனங்காட்டுக் குழிகளுக்குள் போய் விழுந்தது. துரை தன் காரை எடுத்துக்கொண்டு மேற்கே போனார், போனவர் போனவர்தான். விமானம் ஊருக்கு நேர் மேலே வந்ததும் அதன் சத்தம் நின்றது. குண்டு விழவில்லை. நெடுநேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை. ஊரின் மேல் அதன் நிழல் மட்டும் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் பசி தாங்காமல் சனம் ஒவ்வொன்றாக எழுந்துவந்து உலை வைத்தது. 'அபாயம் நீங்கியது' ஊதச் சொல்லி யாரும் குஞ்சரத்துக்குச் சீட்டு அனுப்பவில்லை. அவளும் ஊதவில்லை.

நிழல் அங்கேயே கிடந்தது. சூரியன் எழும்போதும் விழும்போதும் மற்ற நிழல்களெல்லாம் நீண்டு குறுகித் திரும்பின, இது மட்டும் மூக்கு மேற்கேயும் வால் கிழக்கேயுமாக அசையாமல் கிடந்தது. மழைநாளிலும் கிடந்தது. முதல் ஒரு மாதம் அதை மிதிக்கப் பயந்து சுற்றிப் போனோம், இரண்டாம் மாதம் சுற்றிப் போக அலுப்பாக இருந்தது, மூன்றாம் மாதம் ஆட்டை அதில் கட்டினோம். இடது இறக்கை மீன் மார்க்கெட்டின் மேல் விழுந்ததால் அங்கே மீன் சாயங்காலம் வரை கெடாமல் இருந்தது, அந்த இடத்துக்காக மீன்காரப் பெண்கள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். வலது இறக்கையின் கீழ் பெண்கள் பள்ளிக்கூடம் கட்டினோம், வெயில் படாமல் காலை வழிபாடு நடந்தது. வாலடியில் பஸ் நின்றதால் கண்டக்டர்கள் "வாலு வாலு, வாலெல்லாம் எறங்கு" என்று கத்தினார்கள், வெளியூர்க்காரர்கள் விழித்தார்கள். மனை எழுதினால் பத்திரத்தில் 'வலது இறக்கைக்கு வடக்கு, தேர்முட்டிக்குத் தெற்கு' என்று எல்லை போட்டோம். வற்றல் காயப்போட மட்டும் நிழலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு கருவிகளோடு வந்து மூன்று நாள் தங்கி, மீன் குழம்பைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லி, அறிக்கை வரும் என்று சொல்லிப் போனது. நிழலை அகற்றுவேன் என்று வாக்குக் கொடுத்து நகராட்சித் தேர்தலில் நின்ற ஒருவர் மீன் மார்க்கெட்டின் வயிற்றெரிச்சலில் தோற்றுப்போனார்.

ஊரில் அதற்குப் பழகாத ஒரே ஆள் குஞ்சரம்தான். அதற்குள் அவள் பெயர் சங்கக்கா ஆகிவிட்டிருந்தது. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அறுபது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். யுத்தம் முடிந்து வார்டன் படையைக் கலைத்தபோது அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சேவைக்கு நன்றின்னு போட்டிருக்கு. அபாயம் நீங்கிட்டுன்னு ஒரு எடத்திலயும் போடலியே" என்று மடித்து வைத்துவிட்டாள். பிறகு முனிசிபாலிட்டியில் அம்மை குத்தும் வேலைக்குப் போனாள். எங்களில் பாதிப்பேர் தோளில் அவள் குத்திய தழும்பு இருக்கிறது. ஓடி ஒளிந்த பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் குத்திவிட்டு, குத்திய இடத்தில் வாயால் ஊதிவிடுவாள். பண்டகசாலைக் காவலர் உலகநாதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தன்றும் மத்தியானம் மாலையோடு மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தாள். துறைமுக ஆபீசை இடித்தபோது இரும்புச் சங்கை நான்கு பேர் தூக்கிவந்து அவள் வீட்டு மொட்டைமாடியில் வைத்தார்கள். தினமும் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைப்பாளே தவிர, ஒரு சுற்றுக்கூடச் சுற்றியதில்லை. ஏன் என்று கேட்டால், "ஊதுனது இன்னும் நடப்புல இருக்கு. ரெண்டாந்தடவ எதுக்கு?" என்பாள். சொந்த ஊரைவிட்டு எண்பது வருஷத்தில் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. மகளின் இரண்டாவது பிரசவத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல், மகளை இங்கே வரவழைத்துக்கொண்டாள்.

நீட்டி ஊதுகிற எந்தச் சத்தமும் அவளுக்கு ஆகாது. பஞ்சு மில் வந்து ஷிஃப்டுக்குச் சங்கு வைத்தபோது மேனேஜர் அறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரே நீட்டாக இருந்ததை மூன்று துண்டாக மாற்ற வைத்தாள். கோயிலில் நாயனக்காரர் ஒரு சுரத்தை மூச்சடக்கிப் பிடித்தால் முன்வரிசையில் அவள் தொண்டையைக் கனைப்பாள், அவர் விட்டுவிடுவார். சுடலையாண்டியின் அப்பா காலத்திலேயே போய்ச் சொல்லி, பனைத்துறையில் மட்டும் சாவுக்குச் சங்கு விட்டு விட்டுத்தான் ஊத வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். வெளியூரிலிருந்து துட்டிக்கு வருகிறவர்கள், உங்கள் ஊர்ச் சங்குக்கு விக்கலா என்று கேலி செய்வார்கள். எங்களுக்கும் சிரிப்பு வரும். ஆனால் அம்மை குத்தியவள் சொல்லை யாரும் தட்டவில்லை.

இன்னொன்றையும் அவள்தான் கவனித்தாள், நாங்கள் கவனித்தும் கவனிக்காமல் இருந்தோம். நாற்பத்திரண்டில் அந்த நிழலின் ஓரம் மங்கலாக இருந்தது. ஒருவன் அங்கே நின்றால் எந்தக் கால் நிழலில், எந்தக் கால் வெயிலில் என்று சொல்ல முடியாது. எழுபதில் ஓரத்தில் கயிறு பிடிக்கலாம் போல இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கத்தரித்து வைத்ததுபோல ஆகிவிட்டது, பெண்கள் பொங்கலுக்கு அந்த ஓரத்தை ஒட்டியே கோலம் இழுத்தார்கள். பிறகு மூக்கில் விசிறியின் இதழ்கள் தெரிந்தன. போன வருஷம் வயிற்றுப் பகுதியின் இரண்டு பக்கமும் இரண்டு கதவுகள் கீழ்நோக்கித் திறந்து தொங்குவது நிழலில் தெரிந்தது. தேர்முட்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

சாவதற்கு ஒரு வாரம் முன்னால் சங்கக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"வடிவு, அது போவலட்டி. எறங்கிக்கிட்டு இருக்கு. வரவர ஓரம் கூராவுது பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அது எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு தெரியுமா? சனம் வெளிய வரணும்னு. நீங்கிட்டுன்னு ஊதாம எவனும் முழுசா வெளிய வரமாட்டான். தெருவுல திரிவான், சிரிப்பான், கல்யாணம் கட்டுவான். ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு பயம் குழிக்குள்ளயே குத்த வச்சிக்கிட்டு இருக்கும். அந்தப் பயம் இருக்க மட்டும் அதுக்கு இங்க வேல இல்ல. அதனால எனக்குச் சங்கு ஊதக் கூடாது."

"விட்டு விட்டுத்தானம்மா ஊதுவாக?"

"மத்தவங்களுக்கு அப்படித்தான். எனக்குன்னா சுடல ஆசையில நீட்டிப்புடுவான். அவனத் தொட்டில்ல போட்டு அம்மை குத்துனவ நான். எனக்குத் தெரியாதா அவன?"

வடிவு அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது, புருஷன் இல்லை, பிள்ளைகள் துபாயிலும் ஓசூரிலும் இருந்தார்கள். அம்மாவின் பேச்சை அவள் முழுக்க நம்பினாளா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் நம்பாதவளைப் போல நடந்துகொள்ளவில்லை.

சாவு வீட்டில் முதல் சண்டையை எழுப்பியது உலகநாதனின் தம்பி சிதம்பரநாதன். எண்பத்திரண்டு வயது, உடம்பில் சதை கிடையாது, குரல் மட்டும் உண்டு.

"சங்கு இல்லாம எப்படி எடுக்கது? அவ என்ன அனாதப் பொணமா? ஊருக்கே காவக் கெடந்தவ."

"சித்தப்பா, அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

"சாவப்போறவுக ஆயிரம் சொல்லுவாக. செய்ய வேண்டியது நம்ம மொற. சங்குச் சத்தம் கேக்காட்டா அவ எந்த வழியில போவா?"

"அவ எங்கயும் போவ வேண்டாம். நீங்க சத்தியம் பண்ணுங்க சித்தப்பா, சுடுகாட்டுல ஊத மாட்டோம்னு."

அவர் சத்தியம் செய்யவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சங்குதான் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதே என்று வடிவு அதற்கு மேல் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு எடுத்தோம். அவ்வளவு கூட்டம் எங்கள் ஊரில் எந்தச் சாவுக்கும் சேர்ந்ததில்லை. தேர்த் தெருவில் நிழலின் வயிற்றைக் கடக்கும்போது சில்லென்றிருந்தது, பாடை தூக்கியவர்களுக்குக் கை மரத்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை, தெருமுக்கோடு நின்றுவிடுவார்கள். அந்த முக்கில் வடிவு பாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுடலையாண்டியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் அங்க வர முடியாது. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்."

"எங்கிட்ட என்ன இருக்கு அக்கா? சங்கு ஒங்க பீரோவுல கெடக்கு" என்று அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அப்போது அது உண்மைதான். அவள் கையை எடுத்துவிட்டு, மற்றப் பெண்களோடு குளிக்கத் திரும்பிப் போனாள்.

சுடுகாடு கடலோரம் இருக்கிறது. விறகை அடுக்கி, வாய்க்கரிசி போட்டு, சிதம்பரநாதனின் மகன் கொள்ளிப்பானையோடு சுற்றிவந்து நின்றபோது ஒரு மௌனம் விழுந்தது. சங்கு ஊத வேண்டிய இடம் அது. அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை பேரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காப்பாற்றியவள், ஊர்பேர் தெரியாத ஒருத்தியைப் போலப் போகிறாளே என்று எங்களுக்கு இருந்தது. கூட்டத்தில் யாரோ, "சங்கக்காவுக்கே சங்கு இல்லியா?" என்று விம்மினார்கள். சுடலையாண்டியின் அப்பா ஊதிய பழைய சங்கு அவன் வீட்டு எரவாணத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யார் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அதைக் கொண்டுவந்தது என்பதை இப்போதும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சொல்லிக்கொள்கிறோம். கொண்டுவந்து அவன் கையில் வைத்தோம். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். இரண்டு முறை சொன்னான். சிதம்பரநாதன், "ஊதுல, எம் மதினி போறா" என்று அழுத அழுகையில் அவன் உடைந்துபோனான்.

விட்டு விட்டு ஊதத்தான் நினைத்ததாக அவன் சொல்கிறான். நாங்கள் நம்புகிறோம். ஆனால் உதட்டில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான், ஒரே சீராக, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், கழுத்து நரம்பு புடைக்க, ஒரு மனிதனால் முடியாத நேரம் நீட்டினான். ஊரின் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது.

அந்தச் சத்தம் எங்களை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். தோள்கள் இறங்கின. எங்களுக்கே தெரியாமல் பிறந்ததிலிருந்து இறுக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று வயிற்றில் அவிழ்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சுடுகாடு என்பதுகூட மறந்துபோனது. விமானம் வந்த அன்று பதுங்குகுழிக்குள் பிறந்து எண்பது வருஷமும் கதவோரத்தைத் தாண்டாத பாக்கியத்தாய், "நீங்கிட்டு, நீங்கிட்டு" என்று சொல்லிக்கொண்டு தானாக எழுந்து வாசலுக்கு வந்தாளாம். யாரும் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்கள் ஊருக்குள் திரும்பி வந்தபோது தெருவெல்லாம் சனம். எண்பது வருஷமாக அசையாத நிழல் அசைந்துகொண்டிருந்தது. மீன் மார்க்கெட்டில் முதல் முறையாக வெயில் அடித்தது. "போவுது, போவுது" என்று பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். அது எங்கும் போகவில்லை, ஊருக்கு மேலேயே மெதுவாக வட்டம் போட்டது. எங்கோ ஓர் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. மில்லில் ஜெனரேட்டர் போட்டிருப்பார்கள் என்றோம்.

அப்போதுதான் வடிவின் வீட்டு மாடியிலிருந்து அந்தக் கூவல் எழுந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லாத சத்தம் அது. கேட்டது நினைவிருந்தவர்களில் கடைசி ஆளை இப்போதுதான் எரித்துவிட்டு வந்திருந்தோம். குளித்த ஈரச் சேலையோடு, தலைமுடி அவிழ்ந்து தொங்க, வடிவு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து முழு உடம்பாலும் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து என்னவோ கத்தினாள். வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒரு கையை எடுத்து, உள்ளே, உள்ளே என்பதுபோல வீசினாள், எடுத்த நேரத்தில் கூவல் தளர்ந்தது, மறுபடி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"பாவம், அம்மாவுக்கு மரியாத செய்யுறா" என்றார் சிதம்பரநாதன்.

எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. யுத்தத்தில் வேலை பார்த்தவளுக்கு அவள் சுற்றிய சங்காலேயே மகள் மரியாதை செய்கிறாள், இதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்க முடியும் என்று பேசிக்கொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பாகையை எடுத்துவிட்டு, தெரு நடுவில் கைகட்டி நின்றோம். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அறுநூறு பிள்ளைகளையும் வகுப்பிலிருந்து இறக்கி, இப்போது வெயிலாகிவிட்ட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, இரண்டு நிமிடம் அசையக் கூடாது என்றார். பஸ் நின்று, உள்ளே இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். கூவல் வீட்டுக்குள் இருந்தவர்களையும் இழுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள், கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தார்கள், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை, ஒரு தடவை கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வடிவு சுற்றச் சுற்றக் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. உறுமல் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

அந்த மத்தியானம் பனைத்துறையில் ஒருவர்கூட வீட்டுக்குள் இல்லை.